வடை தந்த வீடுகள்

எங்கள் அயலவர் கூட்டணி ஒரு மலர் வெளியிடப் போகிறதாம். மூன்று தேர்தலில் வாசல் தட்டியவள் என்று என்னையும் எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்று சொல்லிப் பார்த்தேன். "அதுக்கென்ன அன்ரி, நாங்கள் திருத்துவம்" என்றார்கள். திருத்துங்கள். ஆனால் சாப்பாடு வருகிற இடங்களில் மட்டும் கை வைக்க வேண்டாம். அதை நான் ருசிக்காக எழுதவில்லை.

எழுதச் சம்மதித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தமுறை வாசல் தட்டப் போகிறவர்களுக்குக் கடதாசியும் பென்சிலும் இல்லை. கையில் ஒரு கண்ணாடிப் பலகை கொடுக்கிறார்கள். அதில் மூன்று பொத்தான்: ஆதரவு, எதிர்ப்பு, தெரியாது. பழக்கிக் காட்டிய கூட்டத்தில் நானும் பின்வரிசையில் இருந்தேன். "என்ன சாப்பிடத் தந்தவை எண்டு எழுத இடமில்லையோ?" என்று கேட்டேன். நான் மெல்லமாகக் கேட்டதால் ஒருவருக்கும் கேட்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கனடாவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஸ்காபரோவில் ஒரு பிஸ்கற் பக்டரியில் பெட்டி அடுக்கினேன். மெசின் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேளாது. எனக்கு அது பெரிய வசதி. நான் அவ்வளவு கூச்சக்காரி. பஸ்ஸில் மணிக்கயிறு இழுக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இழுக்கட்டும் என்று இருந்து, இரண்டு தரிப்புத் தள்ளி இறங்கி நடந்து வந்திருக்கிறேன். முழங்கால் தேய்ந்து வேலையை விட்டதும் மகன் தான் இருக்கிற விட்பி நகருக்கு வரச் சொன்னான். அங்கே மருமகளின் தாய் இருக்கிறா. அவ நன்றாகப் பேசுவா. நான் ஸ்காபரோவிலேயே நின்றுகொண்டேன்.

கூட்டணியில் நான் சேர்ந்தது ஒரு தேத்தண்ணிக் கேத்தலால். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயிலின் கீழ் மண்டபத்தில் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கூட்டணிக்காரர் அந்த மண்டபத்தில் ஆள் சேர்க்க வந்திருந்தார்கள். எங்கள் வட்டாரத்தில் ஒரே ஆள் நெடுங்காலமாக நகரசபை உறுப்பினராக இருந்தார். ஒரு விசயமும் சனத்தைக் கேட்டுச் செய்வதில்லை. பூங்காவை வெட்டினாலும் பஸ் தரிப்பை மாற்றினாலும், கிண்டுகிற மெசின் வந்து நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அதற்காகத் தமிழர், சீனர், பிலிப்பீன்காரர் என்று அயலில் இருந்த நாலைந்து சங்கங்கள் ஒன்றாகின. யாரைத் தேர்தலில் நிறுத்துவது என்பதைக்கூட எல்லாரும் கை உயர்த்தித்தான் முடிவெடுத்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த வாசகம் இரண்டே சொல்: கேட்டுச் செய்.

"தமிழ் பேசி வாசல் தட்ட யார் வருவீர்கள்?" என்று ஒரு சீனப் பெண்மணி இங்கிலீசில் கேட்டா. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி வந்தது. நான் இரண்டு கையாலும் பெரிய கேத்தலைப் பிடித்திருந்ததால் தொலைபேசியும் எடுக்க முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. அவ என்னைப் பார்த்து "யூ" என்றா. அதுதான் எனக்கு வேலை கிடைத்த கதை.

அவதான் மிஸஸ் லாம், எங்கள் மேலாள். ஹொங்கொங்கில் கணக்கு ரீச்சராக இருந்தவ. அங்கே வட்டார சபைத் தேர்தல்களில் சனநாயகம் வேண்டும் என்று நின்ற ஒரு சின்னக் கூட்டணிக்காகப் பல வருடம் வாசல் தட்டியிருக்கிறா. அந்தக் கூட்டணி இப்போது இல்லை. ஏன் இல்லை என்று அவ சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் எங்கள் வோட்டர் லிஸ்றை, பாதர் பூசையில் பாத்திரத்தைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்குவா. அவவின் இங்கிலீசு சின்னச் சின்னத் துண்டாக வரும். எனக்கு அது காணும். இங்கே நான் எழுதுவது எனக்கு விளங்கிய தமிழ்.

வேலை பழக்கியது ஒரே ஒரு மத்தியானம். வாசலில் மூன்று தரம் தட்டவேண்டும். உடனே இரண்டு படி இறங்கிப் பின்னுக்கு நிற்கவேண்டும், இல்லாவிட்டால் கதவு திறப்பவர் நாங்கள் உள்ளே பாய வந்தது என்று நினைப்பார். பதினைந்து எண்ணவேண்டும். யன்னலால் எட்டிப் பார்க்கக் கூடாது. புல்லில் மிதிக்கக் கூடாது. பேசி முடிந்ததும் வீதிக்கு வந்து, அந்த வீட்டின் பெயருக்கு நேரே இலக்கம் போடவேண்டும். கட்டாயம் எங்களுக்குத்தான் என்றால் ஒன்று. கட்டாயம் இல்லை என்றால் ஐந்து. நடுவில் நிற்பவர்களுக்கு இரண்டு, மூன்று, நாலு. தேர்தலன்று ஒன்றுகளைக் காரில் ஏற்றிப்போய் வோட்டுப் போடவைப்போம். ஐந்தை மட்டும் மிஸஸ் லாம் அடிமட்டம் வைத்து நேராகக் கோடு போட்டு வெட்டிவிடுவா. அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகக் கூடாது.

பேனையால் எழுதினால் மட்டும் கோபம் வரும். அழிறப்பர் வைத்த பென்சில்தான். "மனிதர் மாறுவார்கள்" என்பா. யாரையும் நல்லாய்ச் செய்தாய் என்று சொல்லமாட்டா. "அடுத்த தெரு" என்று மட்டும் சொல்லுவா.

முதல் தேர்தலில் எனக்கு ரூஜ் பக்கம் தந்தார்கள். புது வீடுகள், நிறையத் தமிழ்க் குடும்பங்கள். நான் பயந்ததுபோல ஒன்றும் நடக்கவில்லை. நான் வாய் திறக்க முதலே எல்லாரும் சம்மதித்தார்கள்.

"ஓமோம், எங்கட பிள்ளை நிக்குது, போடாமல் விடுவமோ? வீட்டில அஞ்சு வோட்டு. அஞ்சும் உங்களுக்குத்தான். முதல் இருந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ."

எங்கட பிள்ளை என்றது வேட்பாளர் நிர்மலாவை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவ. நாற்பது பிள்ளைகளை ஒரு சத்தத்தில் இருத்துகிற குரல் இருந்தால் நகரசபைக்குக் காணும் என்று அவவை நிறுத்தியிருந்தோம்.

நான் ஒன்று, ஒன்று, ஒன்று என்று எழுதிக்கொண்டு போனேன். என் தாளைப் பார்த்து மிஸஸ் லாம் முதல் தடவையாகச் சிரித்தா. வெற்றிக்கு ரோல்ஸும் பற்றிஸும் பெரிய தட்டுகளில் சொல்லிவைத்தா.

படுதோல்வி. அந்த ரோல்ஸை ஒரு கிழமை சாப்பிட்டோம்.

தோற்ற அடுத்தநாள் மிஸஸ் லாம் என் தாள்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, "மேரி, இந்த ஒன்றுகள் எங்கே போயின?" என்று கேட்டா. "ஐ டோன்ட் நோ" என்றேன். அது பொய். எனக்குத் தெரியும். எங்கள் ஆட்களுக்கு வாசலுக்கு வந்தவரின் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. பக்கத்து மார்க்கம் நகரில் நடக்கிற எத்தனை பிறந்தநாளுக்கு நானே "ஓம், கட்டாயம் வாறம்" என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்திருக்கிறேன். அந்த ஓம் மரியாதைக்குச் சொல்லுகிற ஓம். ஆனால் அதை இங்கிலீசில் எப்படிச் சொல்லுவது, அதுவும் கணக்கு ரீச்சருக்கு? பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் சொன்னேன். அவர் மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். அதனால் மிஸஸ் லாமுக்கு ஒரு பயனும் இல்லை.

நாலு வருடம் கழித்து இரண்டாம் தேர்தல் வந்தது. இதற்கிடையில் எனக்கு நீரிழிவு, அந்தச் சீனி வருத்தம், வந்திருந்தது. நிர்மலா கூட்டத்தில் எழும்பிச் சொன்னா, "இதுதான் லாஸ்ட். இந்தமுறையும் தோத்தால் கூட்டணியைக் கலைப்பம். பிறகு என்னை ஒருத்தரும் கேக்கக் கூடாது." மிஸஸ் லாம் லிஸ்றை இரண்டு கையாலும் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தா. இரண்டாவது கூட்டணியையும் அவ பறிகொடுக்கப் போகிறா என்று நினைத்தேன்.

அந்தக் கோடையில் என் சீனி ஏறத் தொடங்கியது. கனடாக் கணக்கில் ஏழில் நின்றது பதினொன்று, பன்னிரண்டு என்று போனது. குடும்ப டொக்டர், "என்ன சாப்பிடுறியள் எண்டு எல்லாத்தையும் எழுதிக்கொண்டு வாங்கோ" என்றார். என் கையில் இருந்தது வோட்டர் லிஸ்றும் பென்சிலும். அதனால் இலக்கத்துக்குப் பக்கத்திலேயே எழுதினேன். இந்த வீடு ஒன்று, தேத்தண்ணி, கேக். அந்த வீடு ஒன்று, சோடா, லட்டு. மூலை வீடு ஐந்து, ஒன்றுமில்லை.

அந்த மூலை வீட்டைப் பற்றி விவரமாகச் சொல்லவேண்டும். பஸ் தரிப்புக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டில் ஞானப்பிரகாசம் என்று ஒரு பெரியவர் மனைவியோடு இருந்தார். வாசலில் கமரா வைத்த மணி. அழுத்தினால் மணிக்குள் இருந்து குரல் வரும்.

"ஆரது?"

"கூட்டணியில இருந்து வாறன் அண்ணை."

"எந்தக் கூட்டணி? வேலை செய்யிற கூட்டணியோ, வோட்டுக் கேக்கிற கூட்டணியோ?"

நான் யோசித்துப் பார்த்தேன். "வோட்டுக் கேக்கிறதுதான் அண்ணை."

"உண்மையாவது சொல்லுறாய்." கதவு ஒரு சாண் திறந்தது. "உந்தப் பஸ் தரிப்பைப் பார். மாரியில பனி அள்ளுறவன் வந்து ரோட்டுப் பனி முழுக்க அதுக்கு முன்னால குவிச்சுப்போட்டுப் போறான். என்ர மனுசி கிழமைக்கு மூண்டு தரம் கிளினிக்குக்குப் போறவ. உந்த மலையில ஏறி இறங்கித்தான் பஸ் எடுக்கவேணும். எழுபத்தாறு வயசில மலையேற்றம்! நான் கார் ஓடுறதையும் டொக்டர் நிப்பாட்டிப்போட்டார். உங்கட நிர்மலா வந்து என்னத்தைக் கிழிக்கப் போறா? வெண்டால் அவவும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒட்டாவாவுக்குப் போயிடுவா."

"நகரசபை ரொறன்ரோவிலதான் அண்ணை."

"எனக்குப் படிப்பிக்கிறியோ?"

முக்கால் மணித்தியாலம் வெயிலில் நின்றேன். ஒரு சொட்டுத் தண்ணீர் தரவில்லை. கடைசியில், "நான் உங்கள் ஒருத்தருக்கும் போடமாட்டன்" என்று கதவைச் சாத்தினார். உடனே திரும்பவும் திறந்து, "வோட்டுப் போடுறது பழைய பள்ளிக்கூடத்திலதானோ? எத்தனை மணிக்குத் துறக்கிறாங்கள்?" என்று கேட்டுவிட்டுச் சாத்தினார்.

மிஸஸ் லாமின் சட்டப்படி அது ஐந்து. எழுதினேன். அடிமட்டம் வைத்து வெட்டினா.

அதே தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு நல்ல குடும்பம். மனைவி சுடச்சுட வடை தந்தா. புருசன், "எங்கட ஆறு வோட்டும் உங்களுக்குத்தான் அக்கா" என்றார். ஒன்று என்று எழுதிக்கொண்டு கொஞ்சத் தூரம் போன பிறகுதான் குடையை வாசலில் விட்டது ஞாபகம் வந்தது. திரும்பிப் போனேன். யன்னல் திறந்திருந்தது.

"பாவம் மனுசி, வெயிலுக்குள்ள முழங்காலையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கு. மற்ற ஆளுக்குப் போடுறம் எண்டு முகத்துக்கு நேர எப்பிடியப்பா சொல்லுறது?"

"அதுக்குத்தானே வடை குடுத்தனீ."

"இன்னும் ரெண்டு குடுத்திருக்கலாம்."

குடையை எடுக்கக் கூச்சமாக இருந்தது. விட்டுவிட்டு வந்தேன்.

அன்று வீட்டில் இருந்து என் தாள்களைத் திரும்பப் பார்த்தேன். நான் ஒன்று போட்ட வீடெல்லாம் கேக்கும் வடையும். ஐந்து போட்ட வீடெல்லாம் ஒன்றுமில்லை; அங்கே கிடைத்தது பேச்சு, ஏச்சு, பனி, குப்பை, பஸ். நினைத்துப் பார்த்தால், ஏசியவர்கள் எல்லாரும் முடிவில் வோட்டுப் போடுகிற இடத்தைக் கேட்டிருந்தார்கள். வடை தந்த வீட்டில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. விரலைக் குத்தி இரத்தம் பார்த்தேன். சீனி பதினாலு. நாங்கள் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று விளங்கியது.

தேர்தலுக்கு முதல் கிழமை கடைசிக் கூட்டம். மண்டபம் நிறைய ஆட்கள். எங்கள் கார்கள் எல்லாம் ஒன்று போட்ட வீடுகளுக்குப் போகும் என்று மிஸஸ் லாம் படம் வரைந்து காட்டிக்கொண்டிருந்தா. நான் எழும்பினேன். என் வாழ்க்கையில் ஒரு கூட்டத்தில் நான் எழும்பியது அதுதான் முதல் தடவை. சொல்ல வந்த இங்கிலீசு எல்லாம் எங்கேயோ போய்விட்டது. கடைசியில் வந்தது ஒன்றுதான்.

"மிஸஸ் லாம், மை சுகர் இஸ் போர்ட்டீன்."

மண்டபமே எழும்பி ஓடி வந்தது. "அன்ரி மயங்கப் போறா, பிடியுங்கோ!" ஒருவர் கதிரை கொண்டுவந்தார். இன்னொருவர் ஒறேஞ்ச் ஜூஸை என் வாய்க்குள் ஊற்றப் பார்த்தார். "வேண்டாம், வேண்டாம், அது இன்னும் ஏறும்!" என்று கத்தினேன். என் சத்தத்தைக் கேட்டுத்தான் எல்லாரும் அமைதியானார்கள். நான் அவ்வளவு பலமாகக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது.

பிறகு நிர்மலாவிடம் தமிழில் சொன்னேன். அவ இங்கிலீசில் சொன்னா. வடை, கேக், லட்டு, குடை, எல்லாம். "அன்ரி, ஆர் யூ ஷுவர்?" என்று நடுவில் மூன்று தரம் கேட்டா.

மிஸஸ் லாம் என் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினா. "போன தேர்தலிலும் இப்படியா?"

"யெஸ்."

"உனக்கு அப்போதே தெரியுமா?"

"யெஸ்."

கணக்கு ரீச்சரின் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. தாள்களை அடுக்கி நேராக்குகிற சத்தம் கேட்டது. பிறகு அவ எங்கேயோ தூரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு சொல் சொன்னா.

"சூப்."

"என்ன?" என்றா நிர்மலா.

"என் ஊரில் வாசல் தட்டினால் எங்களுக்குச் சூப் தருவார்கள்" என்றா மிஸஸ் லாம். "நிறையச் சூப்." பிறகு அடிமட்டத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தா. "ஐந்துகளைக் காட்டு."

தேர்தலன்று காலையில் அவவின் சின்னக் காரில் நான் முன் சீற்றில் இருந்தேன். முதலில் போனது மூலை வீட்டுக்கு. மிஸஸ் லாமுக்கு நம்பிக்கை இல்லை. எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. அந்த மனிசன் கதவைச் சாத்தினால் அவ்வளவுதான், கார்கள் எல்லாம் வீண், கூட்டணியும் முடிந்தது. திருப்பத்தில் பார்த்தால், ஞானப்பிரகாசம் அண்ணை கோட்டும் தொப்பியும் போட்டு, மனைவியும் கைப்பையுமாக வாசற்படியில் நிற்கிறார்.

"இப்பதான் விடிஞ்சதோ உங்களுக்கு? எட்டு மணியில இருந்து நிக்கிறம்! ஒரு காருக்குக்கூட வழியில்லாத கூட்டணி!"

"என்ன சொல்கிறார்?" என்றா மிஸஸ் லாம்.

"ஹீ இஸ் ஹாப்பி" என்றேன்.

அன்று முழுக்க எங்கள் காரின் பின் சீற்றில் ஏச்சுத்தான். குப்பை வண்டிக்கு ஒருவர், விளக்கில்லாத தெருவுக்கு ஒருவர், பூங்காவுக்கு ஒருவர். தமிழ் விளங்காத மிஸஸ் லாம் ஒவ்வொரு ஏச்சுக்கும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து இருந்து ஓட்டினா. வென்றோம். வித்தியாசம் நிர்மலாவின் ஒரு பஸ்ஸில் ஏற்றக்கூடிய ஆட்கள்தான். இந்தமுறை ரோல்ஸுக்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. பச்சைத் தண்ணீர் குடித்துக் கொண்டாடினோம். என் சீனிக்கு அது நல்லது.

மூன்றாவது தேர்தலைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதுவார்கள். அதையும் வென்றோம். நான் எழுதவேண்டியது அதில் ஒரே ஒரு வாசலைப் பற்றி.

அதே மூலை வீடு. நான் மணியை அழுத்த முதலே கதவு முழுதாகத் திறந்தது.

"வா தங்கச்சி, வா. உள்ளுக்க வா. வெயிலுக்க ஏன் நிக்கிறாய்?"

எனக்குத் திக்கென்றது. உள்ளே இருத்தினார். மனைவி தேத்தண்ணியோடு ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தா. இரண்டு உழுந்து வடை. பக்கத்தில் சம்பல்.

"உங்கட பிள்ளைக்குத்தான் தங்கச்சி. எங்கட ரெண்டு வோட்டும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"அண்ணை, அந்தப் பஸ் தரிப்புப் பனி..."

"அது கிடக்கட்டும். நீ வடையைச் சாப்பிடு."

வீதிக்கு வந்து ஐந்து என்று எழுதினேன்.

மிஸஸ் லாம் காரில் இருந்தா. "என்ன தந்தார்?"

"வடை."

"எத்தனை?"

"இரண்டு. சம்பலும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தொலைபேசியில் நிர்மலாவைக் கூப்பிட்டா. நிர்மலா வந்து என்னோடுதான் கோபித்தா. "அன்ரி, அந்த அங்கிள் எங்கட பெஸ்ட் சப்போட்டர்! பனிக்கு நான் ரெண்டு தரம் ஈமெயில் போட்டனான். டிப்பார்ட்மென்ற்தான் ஒண்டும் செய்யேல்லை."

"அதை ஆர் அவருக்குச் சொன்னது பிள்ளை?"

நிர்மலா என்னைப் பார்த்தா. பிறகு காரின் பின் கண்ணாடியில் தானே ஒட்டியிருந்த வாசகத்தைப் பார்த்தா. கேட்டுச் செய். தலையைக் கோதிக்கொண்டு தனியாக அந்த வாசலுக்குப் போனா.

நானும் மிஸஸ் லாமும் காருக்குள் இருந்தோம். கதவு சிரிப்போடு திறந்தது. அவரும் நிர்மலாவும் உள்ளே போனார்கள். அங்கே ஒரு தட்டு வடை வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு மெல்ல மெல்ல ஒரு குரல் எழும்பியது. மிஸஸ் லாம் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டா. "நாலு வருசம்! நாலு மாரி! என்ர மனுசி ரெண்டு தரம் சறுக்கி விழுந்தவ! ஈமெயிலோ? ஈமெயில் என்ன, பனி அள்ளுமோ?" நடுநடுவே நிர்மலாவின் பள்ளிக்கூட பஸ் குரல் சின்னதாய், "ஓம் அங்கிள், என்ர பிழைதான் அங்கிள், எழுதுறன் அங்கிள்" என்று கேட்டது. தெருவில் நாயோடு நடந்து வந்த ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு நிர்மலா வந்தா. முகம் சிவந்து, தலைமயிர் ஒட்டி, கையில் நாலு பக்கம் எழுதிய தாளோடு காருக்குள் ஏறிச் சாய்ந்தா.

"அன்ரி," என்றா, "தண்ணிகூடத் தரேல்லை."

மிஸஸ் லாம் என்னைப் பார்த்தா. "நோ வாட்டர்" என்றேன்.

அவ தன் பென்சிலைத் திருப்பி, அழிறப்பர் பக்கம் எனக்கு வரும்படி நீட்டினா. நான் ஐந்தை அழித்தேன். தாள் கிழியாமல் மெதுவாக அழித்து, அந்த இடத்தில் ஒன்று என்று எழுதினேன்.

"அடுத்த தெரு" என்றா மிஸஸ் லாம்.